அப்பா பட்டினியில் சாகவில்லை

என் அப்பா இறந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சூலூரில், எங்கள் வீட்டு முன்னறையில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், அவர் அப்படிச் சாகவில்லை என்று எங்களுக்குத் தெரியவந்தது. சென்னையில், ஒரு கோயில் வாசலில், சோற்றுக்கு வழியில்லாமல் செத்தாராம். பெற்ற மகனே வீட்டை விட்டுத் துரத்திவிட்டானாம்.

பக்கத்து வீட்டு மருமகள்தான் செல்போனை எடுத்துக்கொண்டு வந்தாள். “ஏனுங்க பெரீம்மா, இது உங்கப்பாதானுங்களே?” என்று கேட்டாள். யூடியூபில் பழைய நடிகர்களைப் பற்றி வரும் வீடியோ. சோகமான வயலின் இசை. அப்பாவின் சினிமாப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது மறுபடியும் தேடிப் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தவர் என்று ஆரம்பித்து, கடைசி நாட்களில் பிச்சை எடுத்தார் என்பதில் போய் முடிந்தது. அதற்குச் சாட்சியாக ஒரு புகைப்படம் காட்டினார்கள். கந்தல் வேட்டி, பரட்டைத் தலை, தாடி, கையில் தகரக் குவளை. அப்பாதான். அதில் சந்தேகமே இல்லை.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. என் அண்ணன் பின்னால் வந்து நின்றுகொண்டு பார்த்ததை நான் கவனிக்கவில்லை.

அண்ணனுக்கு எண்பத்து நான்கு வயது. அப்பாவுக்கு ஒரே மகன். அண்ணி போன பிறகு அவர் தனியாகக் கிடப்பாரே என்று நான் வெள்ளகோவிலில் இருந்து வந்து அவரோடு இருக்கிறேன். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து வருஷம் பல ஆகிவிட்டது. வேலைக்குப் போன காலத்தில் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கத்திப் பேசிப் பழகிய தொண்டை. காது கேட்காத அண்ணனோடு குடித்தனம் நடத்த அதுதான் உதவுகிறது.

அன்றைக்கு அவருக்குக் காது கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. வீடியோவில் கொட்டை எழுத்தில், ‘மகனே விரட்டிய கொடுமை’ என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஜனங்கள் எழுதியவற்றையும் அவரே போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். அந்த மகன் நல்லா இருப்பானா என்று ஒருத்தர். புழுத்துத்தான் சாவான் என்று ஒருத்தர். அவன் பெற்ற பிள்ளையும் அவனுக்கு அப்படியே செய்யணும் என்று ஒரு பெண்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “ஊருக்குள்ள எத்தன பேரு பாத்திருப்பாங்க அம்மணி?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அவர் டீக்கடைக்குப் போகவில்லை. விமானப்படை நிலையத்துப் பக்கம் போகும் சாலையில் அவருடைய சேக்காளிகள் காலையில் கூடும் கடை ஒன்று உண்டு. மழையோ வெயிலோ அங்கே போகாமல் இருக்கமாட்டார். அந்த வாரம் முழுக்கப் போகவில்லை. சோறு வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பார். சவரம் செய்துகொள்ளவில்லை. சின்னவனிடம், அதாவது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அவர் மகனிடம், போனில் பேசும்போதுகூட, “நான் உனக்குப் பாரமா இருக்கறனாடா?” என்று கேட்டிருக்கிறார். அவன் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டான்.

எனக்கு அப்போதுதான் இது சிரிக்கிற விஷயம் இல்லை என்று உறைத்தது.

அப்பாவின் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் நடிகராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் இல்லை. வெள்ளாமைக் குடும்பம். மாட்டு வண்டி வைத்துக்கொண்டு மில்லுகளுக்குப் பஞ்சு மூட்டை ஏற்றிப்போவார். படங்கள் பேச ஆரம்பித்த புதிது. கோயமுத்தூரிலேயே அப்போது ஸ்டூடியோக்கள் இருந்தன. ஒரு படத்தில் சந்தைக் காட்சிக்கு வண்டிகள் வேண்டும் என்று இவரையும் வண்டியோடு கூட்டிப்போனார்கள். பெரிய விளக்கைப் போட்டதும் காளை மிரண்டது. அப்பா வண்டியிலிருந்து விழுந்தார். முதலில் தலைப்பாகை விழுந்தது, பிறகு சாட்டை, பிறகு அவர். விழுந்தவர் எழுந்து காளையைப் பார்த்துக் கும்பிட்டாராம். டைரக்டர் நாற்காலியில் இருந்து எழுந்துகொள்ள முடியாமல் சிரித்துவிட்டு, “இன்னொரு தடவை அதே மாதிரி விழுவீங்களா?” என்று கேட்டிருக்கிறார்.

“எந்தப் பக்கமாட்ட விழோணுமுங்க?” என்று அப்பா கேட்டாராம்.

அம்மா மட்டும் இந்தக் கதையை ஒத்துக்கொள்ளமாட்டாள். “கும்புட்டதெல்லாம் பொய்யி. இடுப்பப் புடிச்சுட்டு எந்திரிக்க முடியாம உக்காந்திருந்தாரு. அதப் பாத்து அந்த மனுசன் சிரிச்சிருக்கான்” என்பாள்.

அந்தக் காலத்தில் சினிமாவில் நடிக்கிறவர்களுக்குப் பாடத் தெரிந்திருக்கவேண்டும். ராஜாவும் பாடுவார், ராணியும் பாடுவார், அரண்மனை வாசலில் நிற்கும் காவல்காரனும் பாடுவான். அப்பாவின் குரல் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருக்கும். ஆகவே அவரை விழச் சொன்னார்கள். சைக்கிளிலிருந்து, மாடிப்படியிலிருந்து, தென்னை மரத்திலிருந்து, குதிரையிலிருந்து, பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் மடியில். நகைச்சுவைக் காட்சிகளைத் தனியாக எடுத்துப் படத்தில் சேர்ப்பார்கள். அதனால் கதாநாயகன் யார், கதை என்ன என்று அவருக்குப் பல நேரம் தெரியாது. டாக்கீஸில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கும்போதுதான் தெரிந்துகொள்வார்.

வீட்டில் அவர் சிரிப்புக் காட்டியதே இல்லை. பேச்சும் குறைவு. படப்பிடிப்பு முடிந்து வந்தால் முட்டிக்கும் இடுப்புக்கும் அம்மா உப்பு ஒத்தடம் கொடுப்பாள். கல்லுப்பைச் சட்டியில் வறுக்கும் படபட சத்தம்தான் அவருடைய சினிமா வாழ்க்கையைப் பற்றி எனக்குள்ள முதல் ஞாபகம். வெளியே போனாலோ ஜனங்கள் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பார்கள். அவர் ஒன்றும் செய்யவேண்டியதில்லை, வந்து நின்றாலே போதும். இழவு வீட்டுக்குப் போவதை அதனாலேயே நிறுத்திவிட்டார். ஒருமுறை பங்காளி ஒருத்தர் வீட்டுச் சாவுக்குப் போய், இவரைக் கண்டதும் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்ணே களுக்கென்று சிரித்துவிட்டாள். அதன்பிறகு எல்லாம் முடிந்து மறுநாள் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வருவார்.

பிறகு ஸ்டூடியோ வேலையெல்லாம் சென்னைக்குப் போனது. அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். அப்பா மட்டும் போனார். அங்கே ஒரு லாட்ஜில் தங்கிச் சில வருஷம் காலம் தள்ளினார். “இங்க விழுகற எடத்துல வைக்கோல் பரப்புவாங்க. அங்க வெறுஞ் சிமிட்டித் தரை” என்று ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். பேசிச் சிரிக்க வைக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் வசனத்தை ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் மறுபடியும் பேசிப் பார்த்தார்கள். விழுவதை அப்படி எடுத்துப்போக முடியாது.

ஒரு நாள் விடிகாலையில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயது. அம்மா வழக்கம்போல, “மறுக்கா எப்பப் போகோணும்?” என்று கேட்டாள். அவர், “இனிப் போறதில்ல” என்றார். அம்மா உள்ளே போய் உப்புச் சட்டியை எடுத்துக் கழுவி, பரண் மேலே வைத்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த நிம்மதியை நான் என் பிரசவத்தின்போதுதான் மறுபடி பார்த்தேன்.

ஊரில் எல்லோரும் அப்பாவின் வீழ்ச்சிக்காகக் காத்திருந்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும். சினிமாக்காரன் கடைசியில் குடித்துச் சாவான், கடன்பட்டுச் சாவான் என்று ஒரு கணக்கு இருந்தது. அப்பா குடிக்கவில்லை. எருமை வளர்த்தார். மாமன்மாரோடு சேர்ந்து வீட்டுக்குப் பின்னால் நாலு விசைத்தறி போட்டார். அண்ணன் படிப்பை முடித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டார். அப்பாவுக்குத் தறி ஓட்டத் தெரியாது. ஆனால் தறி ஓடும் கொட்டகையில் போய் உட்கார்ந்திருக்கப் பிடிக்கும். அந்தச் சத்தத்தில் யாரும் அவரிடம் பேச முடியாது, யார் சிரித்தாலும் அவருக்குக் கேட்காது. எருமைப் பால், சாயந்திர நடை, வாரத்துக்கு ஒருநாள் சூலூர்ச் சந்தை. இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே இருந்தார். அவ்வளவுதான் அவருடைய கடைசிக் காலம். இதற்கு வயலின் எதற்கு?

அண்ணன் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் நான் என் மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் வீடியோவின் கீழே இருந்த மின்னஞ்சலுக்கு எழுதினாள். நாங்கள் வழக்குப் போடவில்லை, சண்டைக்கு வரவில்லை, அந்த மகன் உயிரோடு இருக்கிறார், எண்பத்து நான்கு வயதில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் எழுதினாள். மறுநாளே எனக்குப் போன் வந்தது. மதுக்கரையில் இருந்து பேசுவதாக ஒரு இளைஞன். சென்னைக்காரன் எவனோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் நம்ம ஊர்ப் பேச்சு.

“அம்மாங்க, நான் நேர்ல வந்து பாக்கலாமுங்களா?” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி வந்தான். முப்பது வயதிருக்கும். கல்யாணம் ஆனவன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பழைய சினிமாவின் மேல் பைத்தியம். கையில் ஒரு சீப்பு நேந்திரம்பழம். அண்ணன் அவன் வருவது தெரிந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

“தப்புத்தானுங்கம்மா. வீடியோவ எடுத்தர்றேன்” என்றான்.

“எடுக்கறது இருக்கட்டும் தம்பி. மொதல்ல அந்தப் படத்தக் காட்டுங்க. அதை எங்க புடிச்சீங்க?”

அவன் போனில் அந்தப் பிச்சைக்காரப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். பழைய பொருட்கள் விற்கும் ஒருவரிடம் கிடைத்ததாம். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கோலத்தைப் பார்த்துக் கடைசி நாட்கள் என்று இவனே முடிவு செய்துகொண்டான்.

நான் என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். முதல் நாள் சிரிப்பில் கவனிக்காத ஒன்று அப்போது தெரிந்தது. பிச்சைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, பல்லப் பாருங்க” என்றேன்.

“ஏனுங்க?”

“எங்கப்பாவுக்கு முன்பல்லு கெடையாது. சென்னைல கடேசியா நடிச்ச படத்துல படிக்கட்டுல உருண்டு நாலும் போயிருச்சு. அதுக்கப்புறம் பல்லுசெட்டுத்தான். அதையும் கல்யாணத்துக்கும் நோம்பிக்கும்தான் போடுவாரு. இங்க பாருங்க, சோளம் மாதிரி வரிசையா இருக்குது. இது ஏதோ சினிமாவுல பிச்சைக்கார வேசம். முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும் அவருக்கு.”

அவன் போனை முகத்துக்கு அருகே கொண்டுபோனான். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டான். “அடக் கெரகமே. தாடி ஒட்டுன கோடுகூடத் தெரியுதுங்க. இத நான் நூறு தடவ பாத்திருக்கறேன்” என்றான்.

“அது செரி. மகன் வெரட்டுனான்னு யாரு சொன்னாங்க?”

அதற்கு அவன் சொன்ன பதில்தான் எனக்குப் புதிது. சென்னையில் பழைய தயாரிப்பு நிர்வாகி ஒருவர், இப்போது உயிரோடு இல்லை, ஒரு பேட்டியில் அப்பாவைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஒரு படத்துக்கு அவரைக் கூப்பிட சூலூருக்குப் போனோம், பையன் வெளியே விடவில்லை என்று சொல்லி வருத்தப்பட்டார், பாவம் என்று சொன்னாராம். வயதானவரின் குழறிய பேச்சு. அதைக் கேட்டு எழுதிய ஒருவர், பையன் வெளியே விட்டுவிட்டான் என்று எழுதிவிட்டார். இன்னொருவர் அதை வீட்டை விட்டு வெளியேற்றினான் என்று ஆக்கினார். இவன் காதுக்கு வரும்போது துரத்தியடித்தான் என்று ஆகிவிட்டது. விடவில்லை என்பது விட்டுவிட்டான் என்று ஆக எத்தனை எழுத்து வேண்டும்?

“இப்படித்தான் முடிஞ்சிருக்கும்னு எனக்கும் தோணுச்சுங்கம்மா. இந்த மாதிரி பழைய ஆளுங்க நெறையப் பேரு அப்படித்தான் போயிருக்காங்க. அழுதாத்தான் பாக்கறாங்க” என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

அவனைத் திட்டவேண்டும் என்று நான் எடுத்துவைத்திருந்த வார்த்தைகள் அப்போது வரவில்லை. அவன் சொன்னது பொய் இல்லை. யாரோ ஒருத்தருடைய அப்பா நிஜமாகவே அப்படிப் போயிருப்பார். எங்கள் அப்பா போகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

அப்போதுதான் உள்ளே கதவு திறந்தது. அண்ணன் வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, காதுக் கருவியை மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வந்து நின்றார். வெள்ளைத் தாடி மட்டும் முள்ளாக இருந்தது. அந்த இளைஞன் எழுந்து நின்றான்.

“உக்காருங்க தம்பி” என்றார் அண்ணன். தானும் எதிரே உட்கார்ந்தார். “எங்கய்யன நான் வெரட்டலீங்க. செத்த அன்னைக்குக் காத்தால அவருக்குச் சந்தகை வேணும்னாரு. வெந்த மாவ மர அச்சுல வெச்சு இடியாப்பமாட்டப் பிழியறதுக்குக் கைவலு வேணும். நாந்தான் பிழிஞ்சு குடுத்தேன். தேங்காப்பால் ஊத்திச் சாப்புட்டாரு. போய்ச் சேந்துட்டாரு.”

“தெரியுமுங்கய்யா. அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க.”

“அவளுக்கு எல்லாந் தெரியாது. நான் வெரட்டல. ஆனாத் தடுத்தேன்.”

என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அது நடந்தபோது நானும் இந்த வீட்டில்தான் இருந்தேன், இரண்டாவது பிரசவத்துக்கு வந்து. குழந்தைக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாசலில் சென்னை வண்டி ஒன்று வந்து நின்றது. அப்பாவுக்கு அப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு படத்தில், பழைய காலத்து நடிகர் என்று காட்டி, மாடிப்படியில் ஒரே ஒருமுறை உருளவேண்டும் என்றார்கள். அண்ணன் தறிக் கொட்டகையிலிருந்து வந்து, “இந்த வயசுல உருளோணுமா? வேண்டவே வேண்டாம்” என்று ஊர் கேட்கக் கத்தினார். அப்பா எழுந்து வண்டி வரைக்கும் போய் ஏதோ பேசி அவர்களை அனுப்பிவிட்டு வந்தார். அன்று முதல் தீபாவளி வரைக்கும் அண்ணனோடு அவர் பேசவே இல்லை.

அதை அண்ணன் தன் வாயால் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது. “அவருக்குக் கடேசியா ஒரு ஆசை இருந்துது. நான் அத மறிச்சுப்போட்டேன். அவரு மனசுல என்னைய என்ன நெனச்சுட்டுப் போனாரோ. இதுல எழுதியிருக்கறவங்க திட்டறதெல்லாம் ஒருவேள நாயமாத்தான் இருக்குமோன்னு...”

வேட்டி நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷம் இவர் இதைச் சுமந்துகொண்டிருக்கிறாரா? இவரிடம் அப்பாவே சொல்லியிருப்பார் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணா” என்றேன். கருவி மாட்டியிருந்தும் சத்தமாகத்தான் சொன்னேன். “அப்பா உங்க மேல கோவமாவே இல்லீங்க.”

“நீ எனக்காகச் சொல்றே.”

“இல்லீங்கண்ணா. வண்டி போனதும் அப்பா நேரா நான் படுத்திருந்த ரூமுக்குத்தான் வந்தாரு. கொழந்தையத் தூக்கி மடியில வெச்சுட்டாரு. என்னங்கப்பான்னு கேட்டேன். என்ன சொன்னாரு தெரியுமா?”

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

“‘அம்மணி, உங்கண்ணன் நல்ல நேரத்துல வந்தான். படிக்கட்டுன்னு சொன்னதுமே போன பல்லு நாலும் ஞாபகம் வந்து பயமாயிருச்சு. வேண்டாம்னு நானே சொன்னா, பயந்துட்டான்னு சினிமாவுல பேசுவாங்க. அதுக்குத்தான் என்ற பையன் வெளிய விடமாட்டீங்கறானுங்கன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன்’ அப்படீன்னாரு.”

அந்த இளைஞன் வாயைத் திறந்தபடி இருந்தான்.

“அப்பறம் எதுக்கு எங்கூடப் பேசாம இருந்தாரு?” என்றார் அண்ணன்.

“அதையும் நான் கேட்டேன். ‘உடனே சிரிச்சுப் பேசுனா நான் பயந்தத அவன் கண்டுபுடிச்சுருவான். கொஞ்ச நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறேன், அப்பத்தான் நம்புவான்’னாரு. தீவாளிக்கு நீங்க எண்ணெ தேச்சுவிட வந்தப்ப அவரால அதுக்குமேல பேசாம இருக்க முடியல. அன்னைக்கே உங்ககிட்டச் சொல்லிருப்பாருன்னு நெனச்சுட்டேன்.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் எழுந்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு இருமலோடு, பிறகு கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய. “நடிச்சிருக்கறாரு, எங்கிட்ட நடிச்சிருக்கறாரு!” என்று தொடையில் தட்டித் தட்டிச் சொன்னார். “சினிமாவுல விழத்தான் தெரியும், நடிக்கத் தெரியாதுன்னு அம்மா சொல்லிட்டே இருப்பா அம்மணி. தீவாளி வரைக்கும் நடிச்சிருக்கறாரு!”

அந்த இளைஞனும் சிரித்துவிட்டான். சிரித்ததற்குப் பயந்து என்னைப் பார்த்தான். நானும் சிரிப்பதைப் பார்த்ததும்தான் ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தான்.

மத்தியானம் அவனைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. அரிசியும் பருப்பும் சேர்த்துச் சோறாக்கி, நெய் ஊற்றி, கத்தரிக்காய் பொரியல் வைத்தேன். அண்ணன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். சாப்பாட்டுக்குப் பிறகு இளைஞன் போனை எதிரே நிமிர்த்தி வைத்துப் படம்பிடித்தபடி அவரிடம் கேள்வி கேட்டான். வண்டிக் காளை என்ன நிறம், எப்படி விழுந்தால் அடிபடாது, இழவு வீட்டுக்கு ஏன் போகமாட்டார். அண்ணன் எழுந்து நின்று, அப்பா சைக்கிளிலிருந்து எப்படி விழுவார் என்று கையைக் காலை ஆட்டிக் காட்டினார். நான் அவர் பின்னாலேயே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த வயதில் அவரும் விழுந்து தொலைத்தால் அதற்கு வேறு ஒரு வீடியோ வரும்.

பழைய வீடியோவை அன்றைக்கே எடுத்துவிட்டான். எங்கள் வீட்டில் படம்பிடித்ததை வைத்துப் புதிதாக ஒன்று போட்டான். பிச்சைக்கார வேஷப் படத்தை அதிலும் காட்டி, இது நான் செய்த பிழை என்று தன் முகத்தையே காட்டிச் சொல்லியிருந்தான். அதற்கு எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது. வயலின் இல்லை. முதல் வீடியோவைப் பார்த்த கூட்டத்தில் கால்வாசிகூட இதைப் பார்க்கவில்லை என்று என் மகள் சொன்னாள். எருமை வளர்த்து, நடை போய், சாப்பிட்டுவிட்டுத் தூக்கத்தில் போன ஒருவரின் கதையை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

சில நாள் கழித்து அந்த இளைஞன் தயங்கித் தயங்கிப் போன் செய்தான். புது வீடியோவுக்குக் கீழே ஒருவர், மகன் மிரட்டி மாற்றிச் சொல்ல வைத்துவிட்டான் என்று எழுதியிருக்கிறாராம். ஐயா பார்த்தால் வருத்தப்படுவாரே, அழித்துவிடவா என்று கேட்டான். நான் போனோடு போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் வாசல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பழைய சவரக்காரர் வீட்டுக்கே வந்து கழுத்தில் துண்டு கட்டி, பாதி முகத்துக்குச் சோப்பு போட்டிருந்தார்.

“எழுதுனா எழுதிட்டுப் போறான் உடு” என்றார் அண்ணன், உதட்டை அசைக்காமல். “அந்தத் தம்பியத் தீவாளிக்கு ஊட்டுக்கு வரச் சொல்லு. சம்சாரத்தையும் கூட்டிட்டு.”

சவரம் முடிந்ததும் கண்ணாடியில் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். செருப்பை மாட்டினார். டீக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.